சூலியா தெருவில் டாப் ஓவர்ஹால்

பினாங்குச் சூலியா தெருவில் வீட்டோடு வைத்துக் காடியைப் பழுது பார்க்கலாம் என்றால் முதலில் இடிப்பது வீடுதான். எங்கள் கடைவீடுகளுக்கு முற்றமும் கிடையாது, போர்ச்சும் கிடையாது. கதவைத் திறந்தால் அஞ்சடி. அதுவும் நமக்குச் சொந்தமில்லை, ஊர் நடக்கிற வழி. 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்ட ராஃபிள்ஸ், கடைவீடுகளின் முகப்பில் கூரையிட்ட நடைபாதை இருந்தே ஆகவேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் மலாயா முழுக்கப் பரவிவிட்டது. மனிதர் இந்தப் பக்கம் முதலில் வந்து உத்தியோகம் பார்த்ததே பினாங்கில்தான், 1805-இல். காடிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கலாம். பாவம், திட்டம் போட்டபோது காடி பிறக்க இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் பாக்கி.

ஆகவே எங்கள் குடும்பத்து வொர்க்‌ஷாப், பின் சந்து. எங்கள் ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டு என்ஜின் எண்ணெய் சிந்தினாலும் உலகப் பாரம்பரியத்தின் மேல் சிந்தியதாகத்தான் கணக்கு.

காடி என் மாமாவுடையது. புரோட்டோன் சாகா, முதல் மாடல். 1985 ஜூலையில் அந்த வண்டி வெளிவந்தது. அந்த வருஷமே அப்போதைய பிரதமர் மகாதீர் சிவப்பு சாகா ஒன்றை ஓட்டிக்கொண்டு போய்ப் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்தார். அன்றைக்கே மாமா மனசுக்குள் ஒரு சாகா வாங்கிவிட்டார். கையில் வாங்கியது ரொம்ப வருஷம் கழித்து, இரண்டு பேர் ஓட்டித் தீர்த்த பிறகு.

நோய் இதுதான்: பின்னால் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே தே தாரிக் நுரை. ஹெட் காஸ்கெட் போய்விட்டது. என்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு. நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காப்பது அதன் வேலை. தகடு மலிவு. அதைப் பார்க்க மேலே உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும், அதற்குத்தான் காசு. டாப் ஓவர்ஹாலுக்கு ஒரு வொர்க்‌ஷாப்பில் சொன்ன தொகையைக் கேட்டு மாமா, "நான் ரிப்பேர் விலையைத்தானே கேட்டேன், காடி விலையையா கேட்டேன்?" என்று திரும்பி வந்துவிட்டார்.

மாமாவின் ஆயுதச்சாலை ஒரு பிஸ்கட் டின். ஜப்பான் வழி வந்த என்ஜினுக்கு 10, 12, 14, 17 என்று ஸ்பேனர் வரிசை ஒன்று உண்டு. டின்னில் இருந்தவை 13, 15 மற்றும் சைக்கிள் சாமான்கள். காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனோம். அங்கே துரு ஏறிய ஸ்பேனர் கோணிக் கணக்கில் கிடக்கும். நமக்கு வேண்டிய நம்பர் மட்டும் நேற்று விற்றுப்போயிருக்கும்.

மாமியின் எதிர்ப்பைச் சமாளிக்க மாமாவிடம் சரித்திரம் இருந்தது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களோடு மன்ஹைமிலிருந்து தாய்வீட்டுக்குக் கிளம்பினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திவிட்டார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். நம்ம ஆள் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு: ஹோட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸே விட்டார்.

"அவர் திரும்பிப் பூட்டினாருல்ல?" என்றார் மாமி.

மாமா பதில் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்தார்.

சரியான சாமான் இல்லாமல் வண்டி வேலை செய்பவனை போமேன் என்று சொல்வது தப்பு. அவன் முழுநேர இரவல்காரன். சக்கரம் உருளாமல் அண்டக் கொடுக்க மாமியின் அம்மி போனது. பழைய காஸ்கெட்டைச் சுரண்ட ரொட்டி சானாய் கடையிலிருந்து கல் சுரண்டும் தட்டைக் கரண்டி வந்தது. அலுமினியத் தலை மிருது, கீறல் விழும் என்பதால், ரொட்டிக்காரரே மேற்பார்வைக்கு வந்து நின்றார். தலை வளைந்திருக்கிறதா என்று பார்க்கத் தையல்காரரின் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அடியில் சுருட்டுகிற சிகரெட் தாளை நுழைத்து இழுத்தோம். நடுவில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. தலை எஞ்சினியரிங் கடைக்குப் போய் மட்டமாகச் சீவி, அதாவது ஸ்கிம் செய்துகொண்டு வந்தது. அதை மட்டும் யாரிடமும் இரவல் வாங்க முடியாது.

இன்னொன்று, இதில் எனக்குச் சிரிப்பு வராது. புகைக்குழாயைக் கழற்றக் காடிக்கு அடியில் படுக்க வேண்டும். ஸ்டாண்ட் இல்லை, சிமெண்டுக் கல் போதும் என்றார் மாமா. அந்தக் கல் விரிசல் விட்டுச் சொல்லிக்கொண்டு உடையாது, நொறுங்கிவிடும். ஜேக்கை மட்டும் நம்பியும் படுக்கக்கூடாது. லோரி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஆ பெக்கிடம் இரும்பு ஸ்டாண்ட் வாங்கி வரும்வரை நான் மாமாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மிஞ்சியது டார்க் ரெஞ்ச். தலை போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் மறுக்குமாக, படிப்படியாக, ஒரே அளவில் முறுக்க வேண்டும். கூடினால் போல்ட் அறுந்துவிடும், குறைந்தால் மறுபடி வெள்ளைப் புகை. பழைய ஜப்பான் கையேடுகளில் அந்த அளவைக் கிலோகிராம்-மீட்டரில் போட்டிருப்பார்கள். ஏழு என்று இருந்தால், ஒரு மீட்டர் கைப்பிடியின் நுனியை ஏழு கிலோ பலத்தோடு இழுக்க வேண்டும் என்று அர்த்தம். மாமா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"மருமவனே, ஏழு கிலோவை எங்கயோ பாத்திருக்கேன்."

முதுகுப்பைப் பயணிகள் தங்கும் விடுதியில்! மலிவு விமானத்தில் கையோடு ஏழு கிலோதான் கொண்டுபோகலாம் என்பதால் கவுண்டரில் கொக்கித் தராசு ஒன்று தொங்கும். மாமா போனார், கும்பிடாத குறையாகக் கேட்டார், தராசோடு வந்தார். தராசுக்குப் பின்னால் அன்று மாலை விமானம் ஏற வேண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் பையோடு வந்தாள்.

சாக்கெட் கம்பியில் தண்ணீர்க் குழாயைச் செருகி, போல்ட்டிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் கோடு போட்டுத் தராசை மாட்டினோம். குழாய்க்கு நேர் செங்குத்தாக இழுக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்குப் பொய். மாமா இழுக்க, நான் குனிந்து எண்ணைப் படித்தேன். "நாலு... அஞ்சரை... ஆறே முக்கால்... நிப்பாட்டுங்க!" அடுத்த போல்ட். நடுவில் அந்தப் பெண் பொறுமையிழந்து தன் பையைக் கொக்கியில் மாட்டினாள். எட்டரை. மாமா பையை ஒரு பார்வை பார்த்து, சப்பாத்தைக் காலில் போட்டுக்கொள்ளச் சொன்னார். சைகையில்தான். அவளுக்குப் புரிந்தது. ஏழுக்கு இறங்கியது. அவள் போகாமல் நின்று மிச்ச போல்ட்டுகளுக்கு எண்ணைப் படித்துச் சொன்னாள், ஆங்கிலத்தில், என்னைவிடத் தெளிவாக.

சாவி திருப்பியபோது சந்தில் நல்ல கூட்டம். முதலில் வெள்ளைப் புகை. குழாயில் தங்கிய பழைய தண்ணீர்தான் என்று மாமா சத்தியம் செய்தார். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்தது, ரேடியேட்டர் அடங்கியது. ரொட்டிக்காரர் கரண்டியைத் துடைத்து வாங்கிக்கொண்டார். தையல்காரர் ஸ்கேலை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஆ பெக் மட்டும் போகவில்லை. லோரியில் கிளட்ச் வழுக்குகிறதாம். உன்னால் முடியுமா, சாமானெல்லாம் வைத்திருக்கிறாயா என்று மலாயில் கேட்டார். மாமா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார்.

"அடா, அடா" என்றார் மலாயிலேயே. இருக்கு, இருக்கு.

மாமி அம்மியை வீட்டுக்குள் உருட்டிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.