ஆற்றலும் ஆற்றுதலும்: டபரா, டம்ளர் வழி ஒரு வெப்ப இயக்கவியல் ஆய்வு

காபியை டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் மாற்றி மாற்றி ஊற்றிச் சூட்டைத் தணிக்கும் செயலைத் தமிழ் ‘ஆற்றுதல்’ என்கிறது. வேலை செய்யும் திறனுக்கு இயற்பியல் நூல்கள் எடுத்துக்கொண்ட சொல்லோ ‘ஆற்றல்’. 1865-இல் ருடால்ஃப் கிளாசியஸ் ‘என்ட்ரோபி’ என்ற சொல்லைக் கிரேக்க வேரிலிருந்து உருவாக்கியபோது, அது ‘எனர்ஜி’யை ஒத்து ஒலிக்கவேண்டும் என்று மெனக்கெட்டார். அந்தச் சிரமம் ஏதுமின்றி ஆற்றலையும் அது கைவிட்டுப் போவதையும் ஒரே ஒலியில் வைத்திருக்கும் மொழியில், வெப்ப இயக்கவியல் அடுப்படியில் தோன்றாமல் போனது வியப்புக்குரியது.

முதல் விதிக்கும் இரண்டாம் விதிக்கும் வெகுகாலம் பிந்திப் பெயர் பெற்று, பந்தியில் தலையிலையைப் பிடித்துக்கொண்டது சுழிய விதி. இரு பொருள்கள் தனித்தனியே மூன்றாவதோடு வெப்பச் சமநிலையில் இருந்தால் அவை தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும் என்பது அதன் சாரம். வெப்பமானிகள் அனைத்தும் இதை நம்பியே இயங்குகின்றன. காபி ஆய்வில் அந்தப் பதவியை உதடு வகிக்கிறது. கும்பகோணம் டிகிரி காபியின் ‘டிகிரி’க்கும் வெப்பமானியின் டிகிரிக்கும் தொடர்பில்லை; அதைப் பாலின் அடர்த்தியோடு சேர்த்துச் சொல்வதே வழக்கம்.

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, வடிவம் மாற்ற மட்டுமே முடியும் என்னும் முதல் விதியிடம்தான் ஆற்றுபவரின் பெருமை அடிவாங்குகிறது. பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், இறங்கும் எடைகளால் மத்துப் போன்ற துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, கடையப்பட்ட நீர் சூடேறுவதை அளந்தார்; 160 அடி விழும் நயாகராவின் நீர் பாரன்ஹீட் அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு டிகிரி சூடாகும் என்றும் 1845-இல் கணித்தார். அதே கணக்கைக் கடைக்குக் கொண்டுவந்தால், மாஸ்டர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றும் 150 மில்லி காபி விழும்போது இழக்கும் நிலையாற்றல் 1.47 ஜூல், அது முழுவதும் வெப்பமாக மாறுவதாகக் கொண்டால் காபி 0.0023 டிகிரி செல்சியஸ் சூடேறும். அதாவது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆற்றுபவர் தம் உழைப்பால் காபியைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் ஆற்றுவது யார்? காபியை 80 டிகிரியிலிருந்து 60-க்கு இறக்க 12,600 ஜூல் வெளியேறவேண்டும். 100 கிராம் எடையுள்ள பித்தளை டபரா 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது அதில் 1,140 ஜூலை வாங்கிக்கொள்கிறது. டபராவின் பங்கு அவ்வளவே. எஞ்சியதில் பெரும்பகுதி காற்றுக்கும் ஆவிக்கும் போகிறது. நீர் வெப்பநிலை மாறாமல் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்பர். ஒரு கிராமுக்கு அது சுமார் 2,300 ஜூல் ஆதலால், ஒரு தேக்கரண்டி நீர் ஆவியானாலே வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நீண்ட தாரையாக விழும்போது காபியின் மேற்பரப்பு பெருகி இந்த ஆவியாதல் விரைவுபடுகிறது என்ற அளவில் மாஸ்டரின் கைக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் எழுப்பும் நுரையே பிறகு மூடியாகி ஆவியை மறிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பேப்பரில் மூழ்கியவரின் காபி பச்சைத் தண்ணியாகிவிட்டதாக எழும் புகாருக்கு முதல் விதியிடம் ஆறுதல் கிடைக்கும்: 80 டிகிரியிலிருந்து 30-க்கு இறங்கிய காபியின் 31,500 ஜூலும் எங்கும் தொலைந்துவிடவில்லை, அறைக்குள்ளேயேதான் இருக்கின்றன. அவற்றைத் திரட்டி மீண்டும் டம்ளருக்குள் சேர்க்கத் தடைவிதிப்பது இரண்டாம் விதி. வெப்பம் தானாகக் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்கு ஏறாது, சிதறல், அதாவது என்ட்ரோபி, தானாகக் குறையாது என்னும் அவ்விதிக்கு ‘ஆற்றாமை’ என்றே தமிழில் பெயரிட்டிருக்கலாம். அடுப்பில் வைத்துச் சுடவைக்கலாம்தான். அதற்கான சிதறல் எரிவாயுவின் கணக்கில் ஏறும், சுவையும் கெடும். −273.15 டிகிரியை எட்டவே முடியாது என்னும் மூன்றாம் விதிக்கு, எவ்வளவு ஆறிய காபியாலும் இடையூறு இல்லை.

மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அடைத்த அறையில், சுவர்கள் எதையும் உறிஞ்சாமல் அந்த 31,500 ஜூல் முழுவதும் காற்றுக்கே சேர்வதாகக் கொண்டால், ஒரு டம்ளர் காபி அறையின் காற்றை ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாக்கும். புழுக்கம் தாளாமல் யாரேனும் எழுந்து போடும் 75 வாட் மின்விசிறியோ, தான் உண்ணும் மின்சாரம் முழுவதையும் கடைசியில் வெப்பமாகவே அந்த அறையில் கொட்டி, மணிக்கு எட்டரைக் காபி என்ற வீதத்தில் அதைத் தொடர்ந்து சூடேற்றிக்கொண்டிருக்கும்.