உதவித்தொகையில் உலகம் சுற்றுவது எப்படி?

குமரி மாவட்டத்துத் திற்பரப்புக்கு ஊரெல்லாம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் அருவிப் பக்கம் வேன் நிறுத்த இடமிருக்காது. மாசி சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டக்காரர்கள் பன்னிரண்டு கோவில்களில் மூன்றாவதாக இங்கே வந்து மகாதேவரைக் கும்பிட்டுவிட்டு, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் திருநந்திக்கரைக்கு ஓடிவிடுகிறார்கள். இத்தனை பேர் வந்து போவதை வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு, நாமும் ஒரு டிராவல் கிரெடிட் கார்டு வாங்கி விமானம் ஏறினால் என்ன என்று தோன்றத்தானே செய்யும்? அவருக்காகவே இந்த வழிகாட்டி. மாத உதவித்தொகை தவிர வேறு வருமானம் இல்லாதவர்கள் மட்டும் மேலே படிக்கவும். மற்றவர்களுக்கு வங்கியே போன் செய்யும்.

முதல் வேலை, தகுதி பார்ப்பது. தமிழக அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். அதற்கு முன் 1,000. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2,000. கொஞ்சம் மரியாதையான டிராவல் கார்டு என்றால், ஆண்டு வருமானம் 3 லட்சமாவது வேண்டும் என்பார்கள். பயந்துவிடாதீர்கள். 3 லட்சம் என்பது சரியாக 200 மாத உதவித்தொகை. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குள் வாங்கி முடித்துவிட்டால் உங்களை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்தது ஆவணங்கள். திறமையெல்லாம் இங்கேதான் வேண்டும். உதவித்தொகைக்காக வில்லேஜ் ஆபீஸில் தொடங்கித் திருவட்டாறு தாலுகா ஆபீஸ் வரை ஏறி இறங்கி நீங்கள் என்ன நிரூபித்தீர்கள்? வருமானம் கிடையாது, சொத்து கிடையாது, தாங்குவதற்கு ஆள் கிடையாது. விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும், துபாய் மச்சான் கொண்டுவந்த மிக்ஸியைச் சாக்கு போட்டு மூடிய வீடுகளும் இந்த மாவட்டத்தில் உண்டு என்று கேள்வி. இப்போது அதே நீங்கள் வங்கியில் போய், எனக்கு வருமானம் உண்டு, அது மாதாமாதம் வரும், கடன் கொடுத்தால் அடைப்பேன் என்று நிரூபிக்க வேண்டும். ஆகவே இரண்டு பை வைத்துக்கொள்ளுங்கள். வில்லேஜ் ஆபீஸ் பையில் ஆதரவற்றவர் என்பதற்கான காகிதங்கள். வங்கிப் பையில் ஆதரவு பெற்றவர் என்பதற்கான காகிதங்கள். முதலாவதுக்குச் சாயம் போன சாரம் பொருத்தம். இரண்டாவதுக்கு இஸ்திரி போட்ட சட்டை. பை மாறிப்போனால் கார்டும் வராது, இருக்கிற 1,500-ம் போகும்.

இதில் வங்கியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒருவர் ஏழை என்று அரசே ஆராய்ந்து, முத்திரை குத்தி, மாதம் பிறந்தால் பணம் போடுகிறது. அரசு நேரடியாகக் கணக்கில் போடுகிற பணத்தைவிட நம்பகமான வருமானம் எது? தனியார் கம்பெனிக்காரர் நாளைக்கே வேலையிலிருந்து நிறுத்தப்படலாம், ஆனால் அவருடைய சம்பளச் சீட்டுக்குக் கிடைக்கும் மதிப்பு இதற்குக் கிடையாது. அமெரிக்காவில் 1974-ல் வந்த சமவாய்ப்புக் கடன் சட்டத்தை 1976-ல் திருத்தி, அரசு உதவித்தொகை வாங்குகிறவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கடனை மறுக்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். அங்கேயும் சொர்க்கமில்லை. அவர்களுடைய எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை வாங்குகிற தனிநபர் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருந்தால் உதவி நிற்கும், அந்த வரம்பு 1989-லிருந்து அசையவில்லை. சாக்கு போட்டு மூடுகிற கலை அங்கேயும் தேவைப்படும்.

பைகள் தயாரானதும் வங்கிக்குப் போகலாம். வாசலில் நாலு படி இருக்கும். சாய்தளம் இருந்தால் அதில் ஜெனரேட்டரோ மேலாளரின் பைக்கோ நிற்கும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் புழங்குகிற கட்டடம் தனியாருடையதானாலும், விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள் எல்லோரும் நுழையும்படி மாற்றப்பட வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்தது. இதைப் படியேறி உள்ளே போய் மேலாளரிடம் விளக்கலாம். ஏற முடியாவிட்டால் கீழே நின்று உரக்க விளக்கலாம்.

உள்ளே உங்கள் கடன் வரலாற்றுக்கான சிபில் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அது 300-லிருந்து 900 வரை போகும். வங்கியில் ஒரு நயாபைசா கடன் வாங்காதவருக்கு மைனஸ் ஒன்று. அதாவது மதிப்பெண்ணே கிடையாது. முக்குக் கடையில் வருஷக்கணக்காகப் பற்று எழுதி, உதவித்தொகை வந்த அன்றே அடைத்துவருகிறீர்களே, அந்தக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்கு 850 போடுவார். அவருடைய பற்றுப் புத்தகம் சிபிலில் சேராது. மகளிர் குழுக் கடன் தர வீட்டுக்கே வருகிற பைக் இளைஞர்கள் மட்டும் உங்களிடம் சம்பளச் சீட்டு கேட்பதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் விண்ணப்பித்தால் இன்னும் எளிது. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். பார்வையற்றவர் எந்தப் பக்கம் பார்ப்பது, ஆசிட் வீச்சில் இமை போனவர் எதைச் சிமிட்டுவது என்ற சில்லறைச் சந்தேகங்கள் அந்தச் செயலிக்குக் கிடையாது. இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூனும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவையை அணுகுவதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. சிமிட்டல் பரிசோதனைக்கு மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகள் அதில் உண்டு. பார்வையற்றவர்களுக்குக் கிரெடிட் கார்டு உட்பட எந்த வசதியையும் பாகுபாடில்லாமல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. இரண்டையும் அச்செடுத்து வங்கிப் பையில் போடுங்கள். பார்வை உள்ளவர்களும் படிக்காத காகிதங்கள் அவை.

விண்ணப்பம் போட்டதும் மறுப்பு வரும். "உள் கொள்கைப்படி இயலவில்லை" என்று ஒரு எஸ்.எம்.எஸ். அதோடு விடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, விண்ணப்பத்தை மறுத்தால் குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

விடாப்பிடியானவர்களுக்கு இன்னொரு பாதை: வைப்புத்தொகைக் கார்டு. வங்கியில் 20,000 ரூபாயைப் பூட்டிவைத்தால், அதற்குக் கொஞ்சம் குறைவாகச் செலவு வரம்பு தருவார்கள். சொந்தப் பணத்தையே கடனாக வாங்கி, தவணை தவறினால் அதற்கு வட்டியும் கட்டலாம். வட்டி மாதம் மூன்றரை விழுக்காடு அளவில் ஓடும், வருஷத்துக்கு 42. உதவித்தொகை ஒரு மாதம் தாமதித்தால் யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். கார்டின் கடைசித் தேதியோ தாமதிக்காது. ஆண்டுக் கட்டணம் 500 என்றால், ஜி.எஸ்.டி. சேர்த்து 590. ஒரு மாத உதவித்தொகையில் அரிசியும் மருந்தும் போக மிச்சமிருந்தால் கட்டலாம். மருந்து வாங்காதவர்களுக்கு மிகவும் வசதி.

கார்டு கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் விமான நிலைய லவுஞ்சில் இலவசமாக இட்லி சாப்பிடலாம். சில கார்டுகளில் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் 50,000 ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். உங்கள் மூன்று மாத வரவு 4,500. பாக்கி 45,500-க்கு மிக்ஸியை விற்றால் போதாது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அலட்சியம் வேண்டாம். கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ், மூளை முடக்குவாதம் உள்ளவர், 2012-ல் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். 2016-ல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்தக் கார்டின் ரிவார்டு புள்ளியும் இவ்வளவு தராதுதான். ஆனால் நாலு வருஷம் வழக்கு நடத்த வேண்டும்.

இனி வேடிக்கையை விட்டுப் பேசுகிறேன். உங்களிடம் ஏற்கெனவே ஒரு டிராவல் கார்டு இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனை முடித்து வாங்குகிற யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத்தான் சொல்கிறேன். பாதிப்பு 40 விழுக்காட்டிலிருந்து மஞ்சள் கோடு, 80-லிருந்து நீலக் கோடு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் உடன் வருகிறவருக்கும் டிக்கெட் கிடையாது. வெளியூர் பஸ்ஸில் கால் பங்குக் கட்டணம். இதில் லவுஞ்ச் இல்லை, ஆனால் வேறொன்று உண்டு. குலசேகரத்திலிருந்து வருகிற பஸ்ஸின் முதல் படி முழங்காலுக்கு மேலே நிற்கும். கண்டக்டர் ஊன்றுகோலை வாங்கி ஜன்னலோரம் சாய்த்துவைத்துவிட்டு, "பைய ஏறுங்க அண்ணே, வண்டி நிக்கும்" என்பார். பின்னால் நிற்கிறவர் கேட்காமலே இடுப்பைத் தாங்குவார். இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. படியைத் தாழ்த்தச் சட்டம் உண்டு, அதுதான் நடக்கவில்லை.

ரயிலிலும் உண்டு. இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏ.சி.யில் பாதிப்பின் வகையைப் பொறுத்து 75 விழுக்காடு வரை தள்ளுபடி, துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்து. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் இதைத் தொடவில்லை. நம் மாவட்டம் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருவதால் அடையாள அட்டை அங்கிருந்துதான் வரும், இப்போது ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கால் பாதிப்பு உள்ளவர் என்றால், துணையில்லாமல் பயணிக்க முடியாது என்று மருத்துவர் எழுதித்தர வேண்டும். தனியாக நிற்க முடியும் என்று வங்கிக்கு, முடியாது என்று ரயில்வேக்கு. மூன்றாவதாக ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், உதவித்தொகையை ஏன் வருமானமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று குறிப்பாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் எழுத ஒரு ஆளாவது உட்கார வேண்டியிருக்கும். ஆனால் ரயில்வே அட்டைக்கு அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். டெல்லிக்குப் போய் யாரிடமாவது நேரில் கேட்பதாக இருந்தால் உதவும்: மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் டெல்லியின் பங்கு 2012 அக்டோபரில் மாதம் 300 ரூபாய் ஆனது, அப்புறம் ஏறவில்லை.