இரவு உணவுக்குப் பின் அரை மாத்திரை: ‘ம்’ குறித்த ஓர் ஆய்வு

பாயிரம் இல்லாத நூல் நூலே ஆகாது என்பது நம் இலக்கணக்காரர்களின் கண்டிப்பு. ஆகவே முறைப்படியே தொடங்குவோம். சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் வரவேண்டும் என்கிறது நன்னூல். நமக்கு நான்கு போதும். நுதலிய பொருள்: நண்பர்கள் போனில் எழுதிப் பேசிக்கொள்ளும்போது ஒருவர் அனுப்பும் ‘ம்’ என்ற ஒற்றை எழுத்து. எல்லை: வடக்கே தலையணை, தெற்கே சார்ஜர் வயர் எட்டும் தூரம். கேட்போர்: இரவு 11 மணிக்கு மேலும் விழித்திருப்போர். பயன்: ‘என்ன, வெறும் ம் தானா?’ என்று தொடங்கும் சண்டைகள் குறைதல். இத்தனை அற்பமான ஒன்றுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போருக்கு ஒரு முன்னுதாரணம் காட்டலாம். சொன்னது காதில் சரியாக விழாதபோது நாம் கேட்கும் ‘ஹ?’ என்ற ஒலி, ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது என்று மார்க் டிங்கமான்ஸ, பிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்ட் ஆகிய மூவர் 2013இல் ஆய்வு வெளியிட்டார்கள். 2015இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. காதில் விழாததற்கே பரிசு உண்டென்றால், காதில் வாங்கிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பதற்கு ஒரு கட்டுரையாவது வேண்டாமா? நட்பில் ஒருவர் மற்றவருக்குச் செய்யும் உதவிகளில் ஆகச் சிறியது ‘ம்’. சிறியதாக இருப்பதனாலேயே தினமும் செய்ய முடிகிறது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் இலக்கணம். ‘ம்’ ஒரு சொல்லா? இல்லை என்றே சொல்லவேண்டும். தனியாக நின்று பொருள் தரும் எழுத்துகள் நாற்பத்திரண்டு என்று பவணந்தி முனிவர் கணக்கெடுத்திருக்கிறார். நெடில்களை மட்டும் எண்ணினால், மெய் வருக்கங்களில் அந்தப் பட்டியலில் அதிக இடம் பிடித்ததே மகரம்தான்: மா, மீ, மூ, மே, மை, மோ என்று ஆறு பேர் உள்ளே போய்விட்டார்கள். ‘ம்’ மட்டும் வாசலிலேயே நிற்கிறது. காரணம், அது மெய். புள்ளி வைத்த எழுத்து. அதற்குரிய ஒலி அரை மாத்திரை. சில இடங்களில் அதுவும் தேய்ந்து கால் மாத்திரையாகும். அதற்கு மகரக்குறுக்கம் என்று பெயர். பாதித் தூக்கத்தில் இருக்கும் நண்பர் அனுப்புவது இந்த வகை. அப்படியானால் ‘ம்ம்’ என்று இரட்டிப்பது பிழையா? அதற்கு வழியிருக்கிறது. செய்யுளில் ஓசை குறையும்போது மெய்யும் நீளும், அதற்கு அடையாளமாக அதே மெய்யை இன்னொரு முறை எழுதலாம் என்பது ஒற்றளபெடை விதி. அந்த வரிசையில் மகரமும் உண்டு. ‘ஒற்று அளபெடுக்க அதற்கு முன்னால் குறில் வேண்டுமே, இங்கே எங்கே இருக்கிறது?’ என்று ஒரு புலவர் மடக்கலாம். நண்பர் சற்று முன் அனுப்பிய வரியின் கடைசி எழுத்தில் இருக்கிறது என்பதே நம் விடை. நகைச்சுவைக்காகச் சொன்னதுபோல் தோன்றினாலும் விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மெய் தனித்து இயங்காது. இன்னொருவர் வாக்கியத்தின் மேல் சாய்ந்துகொண்டே அது ஒலிக்கும். இதை இலக்கணப் புலவர்களைவிடக் கணினி நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. யூனிகோடில் ‘ம’ ஒரே குறி. ‘ம்’ என்றால் மகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் முன்னதற்கு 3 பைட், பின்னதற்கு 6 பைட். ஒலியில் பாதி, எடையில் இரட்டை.

அடுத்தது பொருள். ‘ம்’ கொட்டுவதற்கு நம் ஊரில் ‘உம் கொட்டுதல்’ என்றும் பெயர். ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்கள் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதால், அதன் தம்பியான ‘ம்’முக்கும் அந்த எட்டையே பொருத்திப் பார்க்கலாம். ‘நாளைக்கு வர்றதானே?’ என்பதற்கு வரும் ‘ம்’ முற்று. ‘ம்…’ என்று மூன்று புள்ளியோடு வருவது எச்சம். சொல்ல ஏதோ இருக்கிறது, சொல்லவில்லை. ‘ம்?’ ஐயம். ‘நான் சொன்னதுல என்னப்பா தப்பு?’ என்பதற்கு ஐந்து நிமிடம் கழித்து வரும் ‘ம்’ எதிர்மறை; தப்புதான் என்று பொருள். குழுவில் ஒருவர் தன் துயரத்தை எழுத, ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக ‘ம்’ போடுவது எண். ‘ம்ம்ம்!’ சிறப்பு, பெரும்பாலும் பிரியாணிப் படத்துக்குக் கீழே காணப்படும். ‘ம், சொல்லு’ தெரிநிலை. ‘ம்ம், அப்புறம்?’ ஆக்கம், பேச்சு இதனால் வளர்கிறது. இந்த எட்டில் கடைசி இரண்டையும் இக்கட்டுரை முக்கியமாகக் கருதுகிறது. எமானுவல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982இல் எழுதிய கட்டுரையில், ஆங்கிலக்காரர்களின் ‘அஹ்-ஹா’வை ஒப்புதல் என்று அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளக்கூடாது என்றார். தன் முறை வந்தும் பேசாமல் அந்த முறையைப் பேசுகிறவரிடமே திருப்பிக் கொடுக்கும் செயல் அது. பந்தியில் தன் இலைக்கு வந்த வடையைப் பக்கத்து இலைக்குத் தள்ளுவது போன்ற பெருந்தன்மை.

இது வெறும் மரியாதை, கதை சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் தென் மாவட்டத்துக் கோயில் கொடை விழா ஒன்றில் வில்லுப்பாட்டு கேட்கவேண்டும். வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக் கதை சொல்லும் தலைமைப் பாடகருக்குப் பக்கத்தில், உடுக்கையோடும் குடத்தோடும் உட்கார்ந்திருப்பவர்களின் பாதி வேலை ‘ஆமா’ போடுவது. கதை முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். இருந்தாலும் அடுத்து என்ன ஆகுமோ என்ற முகத்தோடு ‘ஆமா’ போடுகிறார்கள். அவர்களை எழுப்பிவிட்டால் கதை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வில்லில்லாத ஊரில் இதற்குச் சோதனைச் சான்றே உண்டு. கனடாவில் ஜேனட் பேவலாஸ், லிண்டா கோட்ஸ், ட்ரூடி ஜான்சன் மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், தாம் மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சிலர் சொல்ல, வேறு சிலர் கேட்டார்கள். கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு ரகசிய வேலை தரப்பட்டது: சொல்பவரின் பேச்சில் ஆங்கிலத்தின் ‘டி’ எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டார்கள், ஆனால் ‘ம்’ கொட்டுவதும் முகத்தில் திடுக்கிடுவதும் குறைந்துபோனது. விளைவாகக் கெட்டது சொன்னவர்களின் கதை. சரியாக உச்சம் வரும் இடத்தில் தடுமாறினார்கள். சட்டென்று முடித்தார்கள், அல்லது முடிந்த கதையை மறுபடி மறுபடி முடித்தார்கள். இதிலிருந்து பெறப்படுவது: கதையில் பாதி கேட்பவர் கையில் இருக்கிறது. சொற்களை எண்ணிக்கொண்டிருப்பவர் கேட்பவர் ஆகமாட்டார்.

இனி ஒரு மாதிரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இரவு 11.40, இரண்டு தோழிகள் என்று வைத்துக்கொள்வோம். ‘இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் மேனேஜர் திட்டிட்டாருடி.’ ‘ம்.’ ‘நான் ஒண்ணுமே பேசல.’ ‘ம்.’ ‘அழுகை வந்துருச்சு. பாத்ரூம் போயி பத்து நிமிஷம் நின்னுட்டு வந்தேன்.’ ‘ம்ம்.’ ‘தப்பு என்னோடதுதான். அந்த ஃபைல நேத்தே அனுப்பியிருக்கணும்.’ ‘ம்.’ ‘சரி விடு. நீ சாப்ட்டியா?’ ‘ம். தோசை.’ இதில் இரண்டாமவர் செலவிட்டவை நான்கு ‘ம்’, ஒரு ‘ம்ம்’, ஒரு தோசை. முதல் ‘ம்’ இருந்த இடத்தில் ‘அந்த வேலைய விட்டுத் தொலைடி’ என்று இருந்தால் உரையாடல் அங்கேயே வேலைவாய்ப்பு ஆலோசனையாகியிருக்கும்; அழுகை வந்தது தெரிந்திருக்காது. மூன்றாவதான ‘ம்ம்’ இருந்த இடத்தில் மனிதவளத் துறைக்கு எப்படிப் புகார் எழுதுவது என்று விளக்கம் வந்திருந்தால், தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு முதலாமவருக்குக் கிடைத்திருக்காது. ஒற்றளபெடை சரியாக அழுகை வந்த வரிக்கு அடுத்து நிற்பதையும் கவனிக்கவேண்டும். ஓசை குறைந்த இடத்தில் மெய் நீண்டிருக்கிறது. கடைசியில் துயரப்பட்டவரே ‘நீ சாப்ட்டியா?’ என்று கேட்கிறார் பாருங்கள், அதுதான் குணமானதற்கு அறிகுறி.

இப்போது மறுப்புகள். முதலாவது: நேரில் சொல்லும் ‘ம்’முக்கு ஏற்ற இறக்கம் உண்டு, எழுத்தில் வரும் ‘ம்’ மொட்டை, அதை அலட்சியம் என்றே எடுத்துக்கொள்ள முடியும். உண்மைதான், ராகம் போய்விட்டது. ஆனால் தாளம் போகவில்லை. உடனே வரும் ‘ம்’ ஒன்று, நாற்பது நிமிடம் கழித்து வரும் ‘ம்’ வேறொன்று என்பது பழகியவர் எல்லாருக்கும் தெரியும். அலட்சியமாக இருப்பவர் செய்வது வேறு. அவர் பார்த்துவிட்டு ஒன்றும் போடமாட்டார். வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீல நிற இரட்டை டிக்கைக் கொண்டுவந்த பிறகு இந்த வேறுபாடு பச்சையாக, அதாவது நீலமாக, தெரிய ஆரம்பித்துவிட்டது. செய்தி திறக்கப்பட்டது என்று டிக் சொல்கிறது. திறந்தவர் இன்னும் அங்கே இருக்கிறார் என்று ‘ம்’ சொல்கிறது. இரண்டாவது மறுப்பு: அதற்குத்தான் கட்டைவிரல் இருக்கிறதே? 2022இல் வந்த இந்த வசதியால் செய்தியின் மூலையிலேயே ஒரு கட்டைவிரலை ஒட்டிவிட்டுப் போகலாம். ‘போகலாம்’ என்ற சொல்லில்தான் கோளாறு. மூலையில் ஒட்டிய விரல் புது வரியாகக் கீழே இறங்குவதில்லை. பெற்றுக்கொண்டேன், கோப்பை மூடலாம் என்கிறது. ‘பாத்ரூம் போயி நின்னுட்டு வந்தேன்’ என்ற வரியின் மூலையில் ஒரு கட்டைவிரலை மனக்கண்ணில் ஒட்டிப் பாருங்கள். மேற்கொண்டு வாதம் வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. ‘ம்’ கொட்டக் கொட்டப் புலம்பல் வளருமே, அது உதவியா? 1955இல் ஜோயல் கிரீன்ஸ்பூன் ஒரு சோதனையை வெளியிட்டார். மனதில் தோன்றும் சொற்களையெல்லாம் சொல்லிக்கொண்டே போகும்படி ஆட்களிடம் கேட்டு, பன்மைப் பெயர் வரும்போது மட்டும் ‘ம்-ஹ்ம்’ என்றார். பன்மைப் பெயர்கள் பெருகின. பன்மைக்கே இப்படியென்றால் மேனேஜருக்கு எப்படி? போதாததற்கு, ஒரே கவலையைத் தோழமையோடு திரும்பத் திரும்ப அலசும் பழக்கம் பிள்ளைகளிடையே நெருக்கத்தோடு மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தொடர்புடையதாக இருக்கிறது என்று அமாண்டா ரோஸ் 2002இல் காட்டியிருக்கிறார். இதை மறுக்க இக்கட்டுரை முயலாது. மாத்திரை என்று ஒன்று இருந்தால் அளவு மீறலும் இருக்கும். ஆனால் அலசுவதற்கு இருவர் வேண்டும்: ‘அவர் ஏன் அப்படிச் சொன்னார் தெரியுமா?’, ‘போன மாசமும் இப்படித்தானே!’ என்று கேட்பவரும் சேர்ந்து கிளற வேண்டும். ‘ம்’ கிளறுவதில்லை, தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றுவதுமில்லை. அதே கதை நான்காம் நாளும் வந்தால் அன்றைக்கு ‘ம்’ போதாது. போன் போட்டுப் பேசவேண்டும், அல்லது நேரில் போய்க் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடக்கவேண்டும். அரை மாத்திரை எல்லா நோய்க்கும் மருந்தென்று யாரும் சொல்லவில்லை.

நான்காவது மறுப்பு இந்தக் காலத்துக்குரியது: இவ்வளவு எளிய வேலையை இயந்திரமே செய்துவிடுமே? செய்யும், எப்போதோ செய்துவிட்டது. எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1966இல் அறிவித்த எலைசா என்ற நிரல், எதிராளி சொன்னதையே லேசாகத் திருப்பிக் கேட்டது. ஒன்றும் புரியாவிட்டால் மேலே சொல்லச் சொன்னது. நிரல் உருவானதையெல்லாம் கூட இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, சிறிது நேரம் அதனோடு பேசியபின் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். ‘மேலே சொல்லு’ என்று ஒருவர் கேட்பதற்காக மனிதர் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆகவே இது நம் கட்சிக்கே பலம். இருந்தாலும் எலைசாவின் ‘ம்’முக்கும் தோழியின் ‘ம்’முக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாளைக்கு எலைசாவுக்கு மேனேஜரோடு சண்டை வராது. அதன் ‘ம்’மைத் திருப்பித் தரும் சந்தர்ப்பம் நமக்கு ஒருநாளும் வாய்க்காது.

திருப்பித் தருவதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தைக் காட்டவேண்டும். ஆட்டுக்கறிச் சாப்பாடு, வாசலில் மொய் நோட்டு, எழுதுகிறவருக்குப் பக்கத்தில் பணம் எண்ணுகிறவர். வந்தவர் தாம் முன்பு வாங்கியதைத் திருப்பி வைப்பார், மேலே கொஞ்சம் புதிதாகவும் வைப்பார். அந்தப் புது மொய் அடுத்த முறை அவரிடமே திரும்ப வேண்டியது. ஆக, கணக்கு ஒருநாளும் முடியாது. முடியாமல் இருப்பதுதான் அதன் நோக்கம். கணக்குத் தீர்ந்தால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிடும். ‘ம்’மும் இந்த வகைதான். இன்றைக்கு ஆறு ‘ம்’ வாங்கியவர் அடுத்த வாரம் மாமியார் கதைக்கு ஏழு ‘ம்’ வைப்பார். ஒரே வேற்றுமை, இங்கே நோட்டு கிடையாது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது மங்கலாகவே இருக்கும், அதனால் இருவரும் கடன்பட்டவர்களாகவே தூங்கப் போகிறார்கள். பெரிய உதவிகளில் இது நடக்காது. கைமாற்றாக வாங்கிய 50,000 ரூபாய் தேதியோடு நினைவிருக்கும், அதுவே சில நட்புகளை முடித்தும் வைக்கும். அரை மாத்திரையை யாரும் எழுதிவைப்பதில்லை. மற்ற மாத்திரைகளை நோயாளிதான் விழுங்கவேண்டும்; இதை மட்டும் ஒருவர் போட்டால் இன்னொருவருக்குத் தூக்கம் வருகிறது.