ஒப்படைப்பு இலக்கணம்: வார்டுக்கு ஒரு சிறு நூல்

பாயிரம்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் தன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்களை விதிக்கிறது. பணிவிடை செய்பவருக்கு அது கேட்பவை பணிவிடை முறையை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளி மேல் அன்பு, தூய்மை. இரண்டு நூல்களும் அந்த நான்காம் கூற்றை ஓர் ஆளாகவே வைத்துப் பேசுகின்றன. இன்றைய பொது வார்டில் அந்த ஓர் ஆள் பலராகிவிட்டார். இன்சார்ஜ் சிஸ்டர், ஸ்டாஃப் நர்ஸ், நர்சிங் மாணவி, வார்டு உதவியாளர், ஆயாம்மா என்று அவரது வேலை பங்கு பிரிந்துள்ளது. இவர்களோடு சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரும் இருக்கிறார். நோயாளியின் கட்டிலுக்கு அருகே பாய் விரித்துப் படுக்கும் மகளோ, மனைவியோ, தம்பியோ அவர். மருத்துவமனை அவரை 'அட்டெண்டர்' என்று கூப்பிடும்.

இவர்களுக்குள் வேலை எப்படிக் கைமாற வேண்டும் என்பதே இந்நூல் எடுத்துக்கொண்ட பொருள். இதன் துணிபு இரண்டு. வேலையைக் கைமாற்றலாம், அதற்குப் பதில் சொல்லும் கடமையைக் கைமாற்ற முடியாது. நம் வார்டுகளில் மிகுதியான வேலை போய்ச் சேர்வது அட்டெண்டரிடம். மிகக் குறைந்த சொல்லித்தருதலோடு போய்ச் சேர்வதும் அவரிடம்தான்.

இலக்கணம்

அமெரிக்க மாநிலங்களின் நர்சிங் வாரியங்கள் சேர்ந்து நடத்தும் தேசியக் கவுன்சில், ஒப்படைப்புக்கு ஐந்து பொருத்தங்களை வகுத்திருக்கிறது. வேலை பொருந்த வேண்டும், சூழல் பொருந்த வேண்டும், ஆள் பொருந்த வேண்டும், அறிவுறுத்தல் பொருந்த வேண்டும், மேற்பார்வை பொருந்த வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது ஒப்படைப்பு ஆகாது. நோயாளியின் நிலையை மதிப்பிடுவதும், கவனிப்பைத் திட்டமிடுவதும், பலன் கிடைத்ததா என்று தீர்மானிப்பதும் நர்ஸின் அறிவைச் சார்ந்தவை. அவற்றை யாரிடமும் விடக்கூடாது என்பது அதே முறையின் அடிப்படை. ரத்த அழுத்தத்தை அளந்து எழுதப் பழகிய உதவியாளரிடம் சொல்லலாம். அந்த எண் இந்த நோயாளிக்கு இந்த நேரத்தில் எதைக் காட்டுகிறது என்று பார்ப்பது நர்ஸின் வேலை.

வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். எந்த வேலை, எந்த வழி, எந்த ஆள் என்று ஆராய்ந்து விடச் சொல்கிறது ஒரு குறள். அப்படித் தேர்ந்தவனை அந்த வேலைக்கு உரியவனாகவே ஆக்கச் சொல்கிறது அடுத்த குறள். அதிகாரத்தின் கடைசிக் குறள், வேலை செய்பவனை நாள்தோறும் கவனிக்கச் சொல்கிறது. ஐந்து பொருத்தங்களில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. வேலையோடு அதைச் செய்யும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடு என்ற கூடுதல் விதியும் இருக்கிறது. வார்டுகளில் பெரும்பாலும் மறக்கப்படுவது இந்தக் கூடுதல் விதிதான்.

குற்றம் நான்கு

முதலாவது, பெயரில்லா ஏவல். "யாராவது அந்த ஏழாம் பெட்டைப் பாருங்கம்மா" என்று வார்டின் நடுவில் நின்று சொல்வது. நான்கு பேர் காதில் விழும். நால்வரும் மற்ற மூவரில் ஒருவர் போயிருப்பார் என்று நம்புவார்கள்.

இரண்டாவது, அதிகாரமில்லா ஏவல். புதிதாகச் சேர்ந்த நர்ஸிடம் இரவு முழுவதும் வார்டைக் கொடுத்துவிட்டு, பணி மருத்துவரை எப்போது எழுப்பலாம், ஐ.சி.யூ.வுக்கு யார் பேசலாம் என்பதைச் சொல்லாமல் போவது. தவறு நடந்தால் விளக்கக் கடிதம் அவரிடம் கேட்கப்படும். தடுக்கும் உரிமை மட்டும் அவரிடம் இருந்திருக்காது.

மூன்றாவது, ஏவாமை. எல்லாவற்றையும் தானே செய்கிற இன்சார்ஜ் சிஸ்டரை நாம் உழைப்பாளி என்று புகழ்கிறோம். அவர் லீவு எடுத்த நாளில் மருந்து அலமாரிச் சாவி எங்கே என்று தெரியாமல் வார்டு தவிக்கும். 1859-ல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட செவிலியம் குறித்த குறிப்புகளில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தான் இருக்கும்போது நடப்பதெல்லாம் தான் இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு செய்வதே பொறுப்பில் இருப்பதன் பொருள் என்பது அவர் வாதம். எத்தனை நல்ல கவனிப்பும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வீணாகும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

நான்காவது, அட்டெண்டரிடம் விட்டுவிடுதல். இது தனி இயலாக விரிக்கத் தக்கது.

அட்டெண்டர் இயல்

"அம்மா, பாட்டில் தீர்றப்ப வந்து சொல்லுங்க." தமிழ்நாட்டு வார்டுகளில் இரவு நேரத்தில் மிகுதியாகக் கேட்கும் ஏவல் இது. மேலே சொன்ன ஐந்து பொருத்தங்களை வைத்து இதைச் சோதிப்போம்.

20 துளி ஒரு மில்லி என்று கணக்கிடும் டிரிப் செட்டில் 500 மில்லி பாட்டிலை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 21 துளி விழ வேண்டும். நர்ஸ் இந்தக் கணக்கைப் போட்டு, குழாயில் துளியைக் கட்டுப்படுத்தும் உருளையைச் சரிசெய்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அட்டெண்டருக்குச் சொல்லப்பட்டது 'தீர்றப்ப' என்ற ஒரே சொல். நோயாளி கையை மடக்கினால் துளி நின்றுபோகும். பக்கத்துக் கட்டிலில் வேகமாக இறங்குவதைப் பார்த்து யாரோ உருளையைத் தள்ளிவிட்டால் துளி ஓடும். இதய நோயுள்ள முதியவருக்கு அப்படி ஓடிய திரவம் நுரையீரலில் தேங்கி மூச்சைத் திணறடிக்கும். ஊசி நரம்பை விட்டு விலகினால் திரவம் சதைக்குள் இறங்கிக் கை வீங்கும். அந்த அம்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். கையையோ மூச்சையோ பார்க்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வேலை பொருத்தமானதுதான், ஆளும் பொருத்தமானவர்தான். அந்தக் கட்டிலை அவரைவிட விழிப்பாகப் பார்ப்பவர் யாரும் இல்லை. அறிவுறுத்தலும் மேற்பார்வையும் இல்லாததால் அவருடைய விழிப்பு வீணாகிறது. பாட்டிலில் ஒரு நீளப் பிளாஸ்திரி ஒட்டி, பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி என்று கோடு போட்டால் போதும். "தண்ணி இந்தக் கோட்டுக்கு முன்னாடியே இறங்கிட்டாலும், இறங்காம நின்னாலும் உடனே கூப்பிடுங்க. கை வீங்கினா, வலிக்குதுன்னா, மூச்சு வாங்கினா கூப்பிடுங்க. உருளையை மட்டும் தொடாதீங்க." இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அட்டெண்டரின் விழிப்பு நர்ஸின் அறிவோடு சேர்வது இந்த ஒரு நிமிடத்தில்தான்.

ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோகச் சொல்வது வேறு வகை. குழாயில் ஒட்டிய பெயரும் எண்ணும் சரியா என்று பார்க்க அட்டெண்டருக்குத் தெரியாது. அவர் வரிசையில் நிற்கும் நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் ஆள் இல்லை. இந்த வேலையை அவரிடம் கொடுக்கவே கூடாது.

சான்று

குடும்பத்தை ஈடுபடுத்துவது தன்னளவில் பிழையில்லை. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. எட்கர் ரேய் என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படும்படி வைக்கும் முறையைத் தொடங்கினார். 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று சோதித்தது. முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. அங்கே தாய்க்கு ஏற்ற வேலை கொடுக்கப்பட்டது, முறை சொல்லித் தரப்பட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போடப்பட்டது, நர்ஸ் பக்கத்தில் இருந்தார்.

எதிர்ச் சான்றும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் ஆட்குறைப்புக்குப் பிறகு நோயாளிகளுக்கு உணவும் தண்ணீரும் கிடைப்பது உறவினர் வந்து கொடுப்பதைப் பொறுத்ததாயிற்று. இதைப் பற்றி 2013-ல் வெளியான பிரான்சிஸ் விசாரணை அறிக்கை, வார்டுத் தலைமை நர்ஸ் அலுவலக அறைக்குள் அடைபடாமல் வார்டில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆறு ஐரோப்பிய நாடுகளில் லிண்டா ஐக்கன் குழு செய்த ஆய்வில், 25 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸை எடுத்துவிட்டு ஓர் உதவியாளரைப் போட்ட இடங்களில் இறப்பு வாய்ப்பு 21 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒப்படைக்கலாம் என்ற விதியை ஆளைக் குறைக்கலாம் என்று படிப்பவர்கள் இந்த எண்ணை மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.

தடையும் விடையும்

இரவில் ஒரு நர்ஸுக்கு நாற்பது நோயாளி இருக்கும்போது ஐந்து பொருத்தம் பார்க்க நேரம் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அந்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அறுவை சிகிச்சை நோயாளிகளைக் கணக்கிட்டது. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதை அது கண்டது. ஆள் பற்றாக்குறையை வார்டு தானாகத் தீர்க்க முடியாது. அதை எழுத்தில் மேலே அனுப்புவது தலைமை நர்ஸின் கடமை. ஒப்படைப்பு கீழ்நோக்கி வேலையை அனுப்புவதைப் போலவே, மேல்நோக்கி உண்மையையும் அனுப்ப வேண்டும். அதைக் கேட்ட நிர்வாகம் அந்த நொடியிலிருந்து அதற்குப் பொறுப்பாளி.

விதி

பெயர் சொல்லி ஏவுக. எதைக் கண்டால் கூப்பிட வேண்டும் என்பதைச் சேர்த்தே ஏவுக. ஏவப்பட்டவரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க. ஏவிய பின் போய்ப் பார்க்க. அட்டெண்டரிடம் கொடுத்த வேலையைக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திடுக; எழுதக் கூசும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்.

நர்ஸின் பெயர் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறது. அட்டெண்டரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. பணிமாற்றத்தில் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைக்கும்போது, அங்கே இருக்கும் உறவினர் யார், அவரிடம் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதையும் ஒரு வரியாகச் சொல்லலாம். அதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம். ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் மனம் வைத்தால் நாளைக் காலைப் பணிமாற்றத்திலேயே தொடங்கிவிடலாம்.