இலவசப் பாலம்

வான்கூவரில் குடும்பம் நடத்துகிறவன், ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஒரு தொங்குபாலமாவது காட்டியாக வேண்டும். நகரத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று கப்பிலானோ: 140 மீட்டர் நீளம், ஆற்றுக்கு மேல் 70 மீட்டர் உயரம், பெரியவர்களுக்கு டிக்கெட் தலைக்கு அறுபது டாலருக்கு மேல். மற்றது நார்த் வான்கூவர் நகராட்சியின் லின் கேன்யன் பூங்காவில் இருப்பது: அவ்வளவு நீளமில்லை, உயரம் 50 மீட்டர், டிக்கெட் கிடையாது. தென்காசியிலிருந்து மாமியார் வந்திறங்கியதும், இரண்டில் எது அழகு என்று ஆழ்ந்து யோசித்தேன். வீட்டில் எத்தனை தலை என்று பெருக்கிப் பார்த்தபோது லின் கேன்யனின் அழகு என்னை ஆட்கொண்டது.

“அங்கேதான் இயற்கை கலப்படம் இல்லாம இருக்கும்” என்றேன்.

“டிக்கெட் இல்லைன்னு சொல்லுங்க” என்றாள் மனைவி.

காசு செலவழிக்காமல் கூட்டிப் போகிறவன் தகவலையாவது தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் கொள்கை. காரிலேயே ஆரம்பித்துவிட்டேன். 1910-ல் மெக்டாவிஷ் சகோதரர்கள் இந்த இடத்தில் 12 ஏக்கரை நகராட்சிக்குத் தானமாகக் கொடுத்தார்கள். கூட்டம் வந்தால் பக்கத்தில் இருக்கும் தங்கள் மனைகள் விலை போகும் என்று கணக்கு. பாலம் தனியார் கட்டியது. ஆளுக்குப் பத்து சென்ட் வசூலித்தார்கள், பிறகு ஐந்தாகக் குறைத்தார்கள், கடைசியில் இலவசமாகிவிட்டது. பூங்காவும் வளர்ந்து இன்று 617 ஏக்கர்.

“பிளாட் போட்டவன் பார்க்குக்குன்னு விட்ட இடம்னு சொல்லுங்க மாப்ளே. நம்ம ஊர்ல அதையும் வித்திருப்பான்” என்றார் அத்தை. நூறாண்டு வரலாறு ஒரே வரியில் முடிந்துவிட்டது.

பாலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் மற்றவர் போக முடியும். நடுவில் தொய்வு. அந்தக் கரையில் யாராவது காலை எடுத்து வைத்தால் இந்தக் கரையில் என் வயிறு கலங்கும். பட்டுக்கரைப் புடவையும் பேத்தியின் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக அத்தை விறுவிறுவென்று நடுப்பாலம் வரை போய், எட்டிப் பார்த்து, “தண்ணி பச்சையா இருக்கு, வாங்க மாப்ளே” என்று கூப்பிட்டார். நான் இரும்பு வடத்தின் தரத்தை இரண்டு கைகளாலும் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். குடும்பத் தலைவன் என்றால் பாதுகாப்பு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. எனக்குப் பின்னால் சேர்ந்த வரிசையில் ஒரு ஜப்பானியச் சுற்றுலாக் குழு பொறுமையாக என்னைப் படமெடுத்தது.

காட்டுப்பாதையில் கால் பட்டதும் குரல் திரும்பியது. கரடி நடமாட்டம் பற்றிய அறிவிப்பைப் பார்த்து விளக்கினேன்: கரடியைக் கண்டால் ஓடக் கூடாது, அமைதியாகப் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும். அப்போது என் செருப்பருகே ஏதோ நெளிந்தது. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், ஓடில்லாத நத்தை. பெயரே ‘பனானா ஸ்லக்’ என்றான் பையன். நான் பேசாமலே, மெல்ல இல்லாமலே, பின்வாங்கினேன்.

பாதையோரம் ஒரு பிரம்மாண்டமான சிடார் அடிமரம். அதில் என் தலைக்கு மேலே தபால் பெட்டியின் வாய் போல ஒரு வெட்டு. அடிமரம் அகலமென்பதால் அந்தக் காலத்து மரவெட்டிகள் இப்படிக் குழி வெட்டி, அதில் பலகையைச் செருகி, மேலே ஏறி நின்று ரம்பம் இழுத்தார்கள். இன்றைய காடு பெரும்பாலும் அதற்குப் பிறகு முளைத்ததுதான். இந்த அடிமரத்தின் உச்சியிலேயே ஓர் இளம் ஹெம்லாக் மரம் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் வேரை இறக்கி மண்ணைப் பிடித்திருந்தது.

“பெரியவர் தலையில உக்காந்து பிழைக்குது” என்றார் அத்தை. அதைத் தாவரவியல் கருத்தாகவே எடுத்துக்கொண்டேன்.

படிகள் இறங்கி ‘ட்வின் ஃபால்ஸ்’ வந்தோம். அடுத்தடுத்து இரண்டு தாவல். பாறை இடுக்கில் தண்ணீர் நுரைத்து ஓடியது. அத்தை பையைத் திறந்தார்: நல்லெண்ணெய், சீயக்காய், துண்டு. ஐந்தருவியில் வளர்ந்தவருக்கு அருவி என்பது குளிக்கிற இடம். இங்கே வேலி போட்டு, இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு என்று எச்சரித்துப் பலகையும் வைத்திருக்கிறார்கள்.

“அருவின்னா தலையைக் காட்டணும் மாப்ளே. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பார்க்கவா ஏரோப்ளேன்ல வந்தேன்?”

மாமியார் மனம் கோணக் கூடாது என்று ‘30 அடிக் குளம்’ என்று பெயர்பெற்ற மடுவுக்குக் கூட்டிப் போனேன். மலைப்பனி உருகி வரும் தண்ணீர். உள்ளூர் இளைஞர்கள் ஓவென்று கத்திக்கொண்டு விழுந்தார்கள். வழிகாட்டியாக முதலில் நானே காலை வைத்தேன். கணுக்காலுக்குக் கீழே எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அத்தை உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, எண்ணெய்க் குப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். திரும்பவும் பாலம் ஏற வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ராத்திரி தென்காசிக்கு வீடியோ கால். மாமனார் அக்கறையாகக் கேட்டார்: “தொங்குபாலமாமே, ரொம்ப ஆடுச்சோ?”

“பாலம் கெட்டியாத்தான் இருக்கு” என்றார் அத்தை. “மாப்பிள்ளைதான் ஆடுறாரு.”