தலைக்காப்பியரும் தாட்காப்பியரும்: சந்நிதி முதல் கதிர்காமம் வரை ஒரு துயிலாய்வு

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகிறவர்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் எல்லாம் இருக்கும். மரபு இருக்கும், மானுடவியல் இருக்கும், வள்ளிக்கும் வேடருக்கும் உள்ள உறவு இருக்கும், ‘விளிம்புநிலை வெளி’ என்று ஒன்று கட்டாயம் இருக்கும். கால் இருக்காது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடக்கிற சனம் இரவில் எதை விரித்து எதைப் போர்த்திக்கொண்டு படுக்கிறது என்ற கேள்வியும் இருக்காது. ஆய்வு இடைவெளி இல்லாத கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்பதில்லை என்பதால் இந்த இடைவெளியைக் கண்டதும் எமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

களம் பற்றி. தொண்டைமானாறு என்றதும் வடமாகாணத்து உயர்தர மாணவருக்கு ஆறு நினைவுக்கு வராது. வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள்தான் வரும். ஆகவே முறையியலுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. உப்பு ஏற்றிப்போக வந்த கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்பது ஊர் மரபு. கலிங்கத்துப்பரணி பாடும் படைத்தலைவன் இங்கே எப்படி உப்புக்கு வந்தான் என்று ஒரு சாராரும், ஏன் வரக்கூடாது என்று மறுசாராரும் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். இரு சாராரும் அந்த ஆற்றில் கால் நனைத்ததாகச் சான்று இல்லை. சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். ஆய்வரங்குகளுக்கும் இவ்வழக்கத்தை விரிவுபடுத்தலாமா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சொல்லாராய்ச்சி: தவிர்க்கப்பட்டது. நம்மவர் ஆய்வுகள் அங்கே தொடங்கி அங்கேயே நித்திரையாகிவிடுகின்றன.

முதலில் மேலைநாட்டார் கொள்கையை நோக்குவோம். வேல்ஸ் நாட்டு நியூடவுன்காரரும், தம் பெயரையே இருமுறை சொல்லிக்கொண்டவருமான பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்பார் 1876-இல் ‘யூக்ளீசியா’ என்ற கம்பளிப் படுக்கைக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளிக்குள்ளே காற்றடைத்த ரப்பர் தலையணை ஒன்றும் தைத்திருக்கும். ரஷ்யப் படை 60,000 கேட்டு ஓடர் கொடுத்தது. 1877-இல் பிளெவ்னா முற்றுகை முடிந்ததும் மிச்ச ஓடர் ரத்தாகிவிட்டது. உறங்குபையின் வரலாறு இப்படிப் போர்க்களத்தில் தொடங்குவதால், வட இலங்கையில் அதற்கு ஒரு சொந்தம் உண்டு என்று வாதிடலாம். வாதிடாமல் விடுகிறோம்.

இக்காலத்து உறங்குபைக்குச் சாத்திரமே உண்டு. ஐரோப்பியர் 2002-இல் 13537 என்ற இலக்கமிட்டு ஒரு தரநிர்ணயம் வகுத்தனர். 2016-இல் அது சர்வதேசத் தரமாகி 23537 ஆயிற்று. முறை இதுதான்: குளிரறையில் ஒரு பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்துச் சூடேற்றி, எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து, 25 வயதும் 60 கிலோவும் உள்ள ஒரு நியமப் பெண் எத்தனை பாகைக் குளிரில் சுகமாகப் படுப்பாள், அதே வயதும் 73 கிலோவும் உள்ள நியம ஆண் எதுவரை தாங்குவான் என்று கணக்கிட்டுப் பையில் அச்சடிப்பார்கள். பொம்மை குறட்டை விடாது. சொறியாது. நடுச்சாமத்தில் எழும்பிப் பக்கத்தில் படுத்தவரின் காலை மிதித்துக்கொண்டு வெளியே போகாது. சந்நிதியில் புறப்படுகிற கூட்டத்திலோ 25 வயது நியமப் பெண்ணைத் தேடிப்பிடிப்பது கடினம். அறுபதைத் தாண்டிய ஆச்சிமார்தான் முன்னால் போவார்கள், நியம ஆண் கொப்புளத்தோடு பின்னால் வருவார்.

பையின் உள்ளீடு பறவைத் தூவி. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலத்துக்குப் பொங்கும் என்பதே அதன் சாதி. 800 என்றால் உயர்குலம். பாரம் குறைவு, சூடு அதிகம், விலை கேட்கக்கூடாது. நனைந்தால் உயர்குலம் முழுவதும் ஒரு பிடியாகச் சுருண்டு உதவாமற் போகும். செயற்கை நார் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், ஆனால் பாரம். மலையேறுகிறவன் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று வருடக்கணக்காக யோசிக்கிறான்.

தூவிப் படுக்கை நமக்குப் புதிதல்ல என்பதை இவ்விடத்தில் நிறுவாவிட்டால் தமிழறிஞர் எம்மை மன்னிக்கமாட்டார்கள். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு அன்னத் தூவி இட்ட படுக்கை சொல்லப்படுகிறது. ஆகவே உறங்குபை தமிழர் கண்டுபிடிப்பு. சிப் ஒன்றுதான் குறை. அது கடல்கோளில் போயிருக்கும். நூலின் எஞ்சிய பகுதியையும் வாசித்தவர்கள் இவ்வளவு உற்சாகப்படமாட்டார்கள்: அந்தப் படுக்கையில் அரசிக்கு நித்திரை இல்லை, கணவன் பாசறையில், அவனுக்கும் நித்திரை இல்லை. வாடைக்குளிரில் வைத்தே, உலகின் முதல்தரத் தூவி தோற்றுப்போன நிகழ்ச்சி அது. இப்பகுதி மேற்கோள்களில் இடம்பெறுவதில்லை.

நமது வழிக்கு வருவோம். நடை வாடைக்காலத்தில் அல்ல. வைகாசி, ஆனி, ஆடியென்று போகும். சந்நிதி, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை, அப்பால் குமண, யால காடு, கடைசியில் மாணிக்க கங்கை. வடக்கில் சோளகம், கிழக்கில் கச்சான். சாமத்திலும் குளிரென்று சொல்ல ஒன்றும் இராது. ஆக, பிரைஸ்-ஜோன்ஸ் முதல் பொம்மை வரை எல்லாரும் தீர்த்துவைத்த பிரச்சினை இந்த வழியில் இல்லவே இல்லை. இங்கே போர்வை தடுக்கவேண்டியவை வேறு: முன்னிரவில் நுளம்பு, நடுச்சாமத்தில் கட்டெறும்பு, விடியப்புறத்தில் பனி ஈரம், எந்நேரமும் பக்கத்தில் படுத்தவரின் ரோச் லைற். அதற்குமேல் பாரமிருக்கக்கூடாது. வேலுக்குப் பின்னால் நடக்கிறவரின் பொட்டளியில் ஒரு செம்பு, ஒரு மாற்றுடுப்பு, திருநீற்றுப் பை என்று எண்ணி எண்ணித்தான் இடம் கிடைக்கும்.

வகைப்பாடு வருமாறு.

பன்பாய்: நல்லது, ஆனால் சுருட்டினால் ஆளைவிட நீளம்.

யூரியாப் பை: பிரித்துத் தைத்தால் விரிப்பு, தைக்காவிட்டால் பொட்டளி. திரும்பிப் படுக்கும்போதெல்லாம் மடம் முழுக்க எழும்பும்.

பெட்சீற்: புறப்படும்போது நினைவு வருவதில்லை, வற்றாப்பளையில் வரும்.

படங்கு: இதில் படுப்பதற்கு வன்னிச் சனத்துக்கு யாரும் பயிற்சி கொடுக்கவேண்டியதில்லை. மேலே போவோம்.

இனிச் சாரம். (தமிழகத்தார் இதைக் கைலி, லுங்கி என்பர்.) உடுத்திக்கொண்டு நடக்கக்கூடிய உறங்குபை இது. மூட்டிய சாரம் இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய். பாரம் கால் கிலோ அளவில். சிப் இல்லை, ஆகையால் சிப் இறுகாது. கும்புக்கன் ஆற்றில் நனைத்துப் புதரில் போட்டால் சோறு வேகுமுன் காய்ந்துவிடும். ஒரே ஒரு குறை. சாரத்தின் உயரம் நாலடிக்குக் கிட்ட. ஆளின் உயரம் ஐந்தரை. இந்த ஒன்றரை அடிப் பற்றாக்குறையிலிருந்துதான் பாதயாத்திரைத் துயிலியலின் முழுத் தத்துவமும் பிறக்கிறது.

தலையை மூடினால் கால் வெளியே. காலை மூடினால் தலை வெளியே. எதை மூடுவது?

தலையை மூடுவோர் தலைக்காப்பியர். நுளம்பு கடிப்பதைவிடக் காதடியில் பாடுவதுதான் நித்திரைக்குப் பகை என்பது இவர்களின் மூலக்கொள்கை (சந்நிதி மடத்து மரபு, வாய்மொழி). காலை மூடுவோர் தாட்காப்பியர். யாத்திரைக்காரனின் முதல் அவன் பாதம். கொப்புளத்தில் எறும்பு ஏறினால் நாளைக்கு நடை இல்லை. நடக்காதவனுக்குத் தலை எதற்கு என்று இவர்கள் கேட்பர் (கிழக்குத் திண்ணை, மூன்றாம் தூணடி, கால்மாடு). இதற்குத் தலைக்காப்பியர், நித்திரையில்லாதவனுக்குக் கால் எதற்கு என்று மறுமொழி சொன்னதாக ஒரு பாடம் உண்டு (அதே தூணடி, தலைமாடு; குறட்டைக்கு முந்திய பாடம்). குறட்டைக்குப் பிந்திய பாடத்தில் ‘ம்ம்’ என்று மட்டுமே காணப்படுகிறது. அதை ‘ஓம்’ எனத் திருத்திக் கொள்க; திருத்தம் எம்முடையது. சைவப் பதிப்பாசிரியர் அதைப் பிரணவம் என்பர், யாழ்ப்பாணத்துப் பதிப்பாசிரியர் சம்மதம் என்பர், மூன்றாமவர் ஏடு நுளம்பரித்துச் சிதைந்ததென்று கைகழுவுவர் (மேற்படி தூணடி, நடுப்பகுதி, பிரதிசெய்தவர் கொட்டாவி விட்ட இடம், ஒப்புநோக்குக: மேற்குத் திண்ணை, பானைக்குப் பின்பக்கம், பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் முழங்கை).

இருதரப்பையும் இணைக்க வந்தவர் முழங்காற்காப்பியர். முழங்காலை மடக்கி நாடியோடு சேர்த்துவிட்டால் தலையும் தாளும் இரண்டல்ல என்பது அவர்களின் முடிபு. இந்த இரண்டின்மை சங்கரர் வழியா மெய்கண்டார் வழியா என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. எவ்வழியாயினும் விடியப்புறம் இடுப்புப் பிடிக்கும்.

செயன்முறையைக் கிட்ட இருந்து பார்த்தால் சாத்திரத்தின் அருமை விளங்கும். முதிர்ந்த சாமி ஒருவர் திண்ணையில் குந்துகிறார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, சாரத்தின் மேல்விளிம்பை இரு கையாலும் பிடித்துத் தோளுக்கு ஏற்றுகிறார். சரிந்து படுத்து, முழங்காலை மடக்கிக் கீழ்விளிம்பைக் குதிக்காலால் ஒரு மிதி மிதித்துப் பாதத்துக்கு அடியில் மடிக்கிறார். பிறகு மேல்விளிம்பைத் தலைக்குமேல் இழுத்து நெற்றிக்குக் கீழே செருகுகிறார். மூக்குக்கு எதிரே இரண்டு விரல் அளவு மட்டும் திறப்பு. திண்ணையில் இப்போது மனிதர் இல்லை; கட்டம்போட்ட ஒரு பொட்டளி இருக்கிறது. அந்த இரண்டு விரல் திறப்பை முதலில் கண்டுபிடிப்பது நுளம்பு. உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் இதே முறையில் தலையை மூடிப் படுத்தால் யானைக்குத் தெரியாது என்ற கருத்தும் நிலவுகிறது. யானையின் கருத்துப் பதிவு செய்யப்படவில்லை.

மேலே சொன்னவற்றில் பலவற்றை யார் சொன்னார்கள் என்று கேட்கும் வாசகருக்கு: ‘என்ப’ என்று முடித்துவிட்டால் யாரென்று கேட்கக்கூடாது. அது தமிழாய்வின் மிகப் பழைய வசதி. பெரியவர்கள் எல்லாரும் அனுபவித்த வசதியை எமக்கு மட்டும் மறுப்பது முறையல்ல.

ஒப்பீட்டாய்வுக்காக ஒரு மெய்யான உறங்குபையும் கிடைத்தது. டொரொன்டோவிலிருந்து வந்த ஒரு தம்பி கொண்டுவந்திருந்தார். வாத்துத் தூவி, உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை வரை தாங்கும் என்று அதில் அச்சிட்டிருந்தது. கூர்மையான கால்பகுதி, தலைக்கு முக்காடு, எகிப்தியப் பிரேத வடிவம். முதல் இரவு அவர் அதற்குள் புகுந்து சிப்பை இழுத்த சிறிது நேரத்தில் மடத்தில் ஒருவர் வேகும் ஒலி கேட்டது. அடுத்த இரவு சிப்பை முழுக்கத் திறந்து விரித்தார். மூன்று பேர் படுத்தார்கள். அந்தப் பையை அமுக்கி வைக்கும் சிறிய உறை இருக்கிறதே, அது தண்ணீர் புகாத நல்ல துணி. மடத்துப் பெரியவர் ஒருவர் அதைக் கண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, அவல் போட்டுவைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பி சந்நிதி வாசலில் ஒரு சாரம் வாங்கினார். எந்தக் காப்பியரிடம் சேர்ந்தார் என்று கேட்டோம். ‘அண்ணை, எனக்கு ஆறடி’ என்றார். எம் கோட்பாட்டில் ஆறடிக்கு இடமில்லை. புறநடையாகக் கொள்க.

பெண்கள் பற்றி: வழமைபோல் கடைசியில், வழமைபோல் சுருக்கமாக. கூட்டத்தில் பெரும்பங்கு பெண்கள். அவர்களின் துயிலுறை சீலை. ஆறு யார் சீலை தலையையும் மூடும், காலையும் மூடும், மிச்சத்தில் பேரப்பிள்ளையும் படுக்கும். ஒன்றரை அடிப் பற்றாக்குறை இல்லாததால் அங்கே பிரிவினை இல்லை, மறுப்புரை இல்லை, பாடபேதம் இல்லை. ஆய்வாளரும் அந்தப் பக்கம் போவதில்லை. இக்குறையைப் போக்கும் எண்ணத்துடன் வினாக்கொத்தும் ரோச்சுமாகத் தெற்குத் திண்ணைக்குப் போய், தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சீலையால் மூடிப் படுத்திருந்த ஆச்சி ஒருவரிடம், முதலில் எந்த அந்தத்தைப் போர்த்துவீர்கள், ஏன், இவ்வழக்கம் தாய்வழி வந்ததா என்று மூன்று கேள்விகள் வைத்தோம். சீலை சற்று விலகியது.

‘தம்பி, விடிய மூண்டு மணிக்கு எழும்பவேணும். உந்த ரோச்சை நூத்துப்போட்டுப் படும்.’