டாக்டர் எந்த மண்ணில் விளைவார்?

கேள்வி: இளையராஜா பிறந்த ஊர் எங்களுடையது. பாட்டுக்குப் பஞ்சமில்லை. கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்க்கிற டாக்டருக்குத்தான் பஞ்சம். என்ன வழி?

– ஒரு வாசகர், பண்ணைப்புரம்

பதில்: ராஜாவை யாரும் டிரான்ஸ்ஃபர் போட்டு உங்கள் ஊருக்கு அனுப்பவில்லையே! அந்த மண்ணிலேயே பிறந்தார். டாக்டரும் அப்படித்தான் கிடைப்பார். ஒரே வித்தியாசம், ராஜா சென்னைக்குப் போனார். டாக்டர் படித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாவைப் பார்த்து வளர்ந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். அம்மாவின் இடுப்புவலி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 'நாளைக்குக் காலையில் வாங்க' என்று டாக்டர் சொன்னால் ஒருநாள் கூலி போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட கிராமத்துப் பிள்ளைகளை மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், கிராமத்திலேயே பயிற்சி கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. உங்கள் தேனி மாவட்டத்தில், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனாலும் சீட்டு மட்டும் போதாது. மாணவர்கள் மாதக்கணக்கில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கிப் பழக வேண்டும். அவர்களுக்கு ஒழுகாத குடியிருப்பு வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று: உங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால், முதல் மனுவை அதற்குப் போடுங்கள்.